கணக்கு மைனி பதில்கள்: மொய் எழுதினவருக்குத்தான் நோட்டில் பேர்

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் எனக்கு வருமான வரி ரிட்டர்ன் காலம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நாற்பது வருஷமாக அப்படித்தான். 1984-இல் பாளையங்கோட்டையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன். கார்பன் தாள் வைத்து மூன்று படி அடிக்கிற காலம் அது. நடுவில் 'சரள்' என்று ஒரு பக்கப் படிவம் வந்தது. எங்கள் அலுவலகப் பையன் அதைக் கடைசி வரை 'சாரல்' என்றுதான் சொன்னான். நானும் திருத்தவில்லை.

இந்த 2025 ஆகஸ்டு இதழுக்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி ரீஃபண்டை, அதாவது கூடுதலாகப் பிடித்த வரி திரும்பி வருவதைப் பற்றியவை. ஓர் அம்மாவைத் தவிர எழுதியவர்கள் எல்லாரும் இருபதுகளில் இருக்கிறவர்கள், கல்யாணம் ஆகாதவர்கள், முதல் வேலையிலோ இரண்டாவது வேலையிலோ இருப்பவர்கள். எல்லாரும் அண்ணி முறையில் 'மைனி' என்று எழுத, ஒருவர் மட்டும் 'ஆச்சி' என்று விளித்திருக்கிறார். அவர் கடிதத்தைக் கடைசியில் வைத்திருக்கிறேன். வயசைக் குத்திக்காட்டியதற்குத் தண்டனை.

மைனி, நான் கங்கைகொண்டான் சிப்காட்டில் ஓர் ஆலையில் வேலை பார்க்கிறேன். மாதம் 26,000 ரூபாய். என் அறையில் இருக்கிற இரண்டு பேருக்கும் ரீஃபண்ட் வந்துட்டு. ஒருத்தனுக்கு 11,000. நானும் ரிட்டர்ன் போட்டேன், ஒத்த ரூபாய் வரலை. எங்கே தப்பு?
(வாசகர், கங்கைகொண்டான்)

எங்கேயும் தப்பில்லை தம்பி. கல்யாண வீட்டில் மொய் எழுதாதவர் பேர் மொய் நோட்டில் இருக்காது. நீங்கள் மொய்யே எழுதவில்லை.

வருஷத்துக்கு 3,12,000 உங்கள் சம்பளம். அதில் சம்பளக்காரருக்குப் பொதுவாகக் கழிக்கிற நிலைக்கழிவு (ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன்) 75,000 போனால் மிச்சம் 2,37,000. புதிய வரிமுறையில், 2024-25 வருமானத்துக்கு 3 லட்சம் வரை வரியே கிடையாது. அதனால் உங்கள் ஆலை உங்கள் சம்பளத்தில் வரி பிடிக்கவில்லை. பிடிக்காத துட்டு எப்படித் திரும்பி வரும்? அறைத்தோழர்களுக்கு வந்ததைப் பார்த்து ஏங்க வேண்டாம். அது அவர்கள் துட்டு. ஒரு வருஷம் வெளியூர் போய்விட்டு வீடு வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். போன மாதம் ஒரு பையன் ரீஃபண்ட் வந்தது என்று ஒரு கிலோ அல்வாவோடு வந்து நின்றான். "ஏல, உன் சட்டைப்பையில இருந்து எடுத்ததை உன் சட்டைப்பையிலயே போட்டிருக்காவ. இதுக்கு எதுக்கு அல்வா?" என்று கேட்டேன். கேட்டுக்கொண்டே வாங்கி வைத்துக்கொண்டேன் என்பது வேறு விஷயம்.

மைனி, ராதாபுரம் பக்கம் காத்தாடிப் பண்ணையில் சைட் இன்ஜினியராக இருந்தேன். மாதம் 70,000 ரூபாய். 2024 நவம்பர் கடைசியில் வேலையை விட்டுவிட்டு குரூப் பரீட்சைக்குப் படிக்க வந்துவிட்டேன். மாதம் 2,297 ரூபாய் வரி என்று பிடித்தார்கள். "7 லட்சத்துக்குக் கீழே வரி இல்லை" என்கிறார்கள், "12 லட்சத்துக்குக் கீழே இல்லை" என்றும் சொல்கிறார்கள். அப்போ எனக்கு ஏன் பிடித்தார்கள்? திரும்பி வருமா?
(வாசகர், வள்ளியூர்)

வரும், முழுசாகவே வரும். ஏன் பிடித்தார்கள் என்பதை முதலில் புரிந்துகொண்டால் உங்களுக்குப் பாதி பயம் போய்விடும்.

சம்பளத்தில் வரி பிடிக்கிறவருக்கு ஜோசியம் பார்க்கிற வேலை. முன்கூட்டியே, "இந்தப் பையன் மார்ச் வரை இங்கேயே இருப்பான், மாதம் 70,000 வாங்குவான்" என்று வைத்துக்கொண்டு வருஷக் கணக்குப் போடுவார். 8,40,000. நிலைக்கழிவு போக 7,65,000. அதில் முதல் 3 லட்சத்துக்கு ஒன்றுமில்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், 20,000. மீதி 65,000-க்கு 10 சதவீதம், 6,500. ஆக 26,500. மேலே 4 சதவீதம் செஸ், 1,060. மொத்தம் 27,560. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் உங்கள் 2,297 வந்து நிற்கும். அவர் கணக்கில் பிழை இல்லை.

ஜோசியம்தான் பலிக்கவில்லை. நீங்கள் எட்டு மாதத்தில் கிளம்பிவிட்டீர்கள். நிஜ வருமானம் 5,60,000. நிலைக்கழிவு போக 4,85,000. இதற்கும் வரி என்று கணக்குப் போட்டால் 9,250 வரும். ஆனால் 2024-25-இல் வருமானம் 7 லட்சத்துக்குள் இருப்பவருக்கு வருமான வரிச் சட்டத்தின் 87ஏ பிரிவில் அந்த வரியை அப்படியே தள்ளுபடி செய்துவிடுகிறார்கள். ஆக நீங்கள் கட்ட வேண்டியது பூஜ்யம், கட்டியது 18,376. ரீஃபண்டைப் பத்து ரூபாய்க்கு முழுசாக்குவார்கள் என்பதால் 18,380.

12 லட்சம் என்று காதில் விழுந்தது 2025 ஏப்ரலுக்குப் பிறகு சம்பாதிக்கிற துட்டுக்கு. அதன் ரிட்டர்ன் 2026-இல்தான். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, "எனக்குத்தான் வரியே இல்லையே, நான் எதுக்கு ரிட்டர்ன் போடணும்" என்று உட்கார்ந்துவிடாதீர்கள். வரி இல்லை என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால்தானே துட்டைத் திருப்பித் தர முடியும்? அது போக, கழிவுகளுக்கு முன் வருமானம் வரம்பைத் தாண்டினாலே, தள்ளுபடியில் வரி பூஜ்யமானாலும், ரிட்டர்ன் போடுவது கடமை.

உங்களுக்கு ஐடிஆர்-1 என்ற ரிட்டர்ன் படிவம் போதும். சகஜ் என்று பேர். பழைய கம்பெனியிடம் ஃபார்ம் 16, அதாவது சம்பளமும் பிடித்த வரியும் எழுதிய சான்று, வாங்குங்கள். வேலையை விட்டுவிட்டோமே, கேட்டால் தருவார்களோ என்று கூச வேண்டாம். ஜூன் 15-க்குள் கொடுத்திருக்க வேண்டிய காகிதம் அது. பிறகு வருமான வரித்துறையின் இணையப் போர்ட்டலில் 26ஏஎஸ் என்ற பட்டியலைத் திறந்து பாருங்கள். மேலே சொன்ன மொய் நோட்டு அதுதான். உங்கள் பான் எண்ணின் கீழ் யார், எந்த மாதம், எவ்வளவு பிடித்துக் கட்டினார்கள் என்று வரிசையாக இருக்கும். சம்பளச் சீட்டில் எட்டு மாதம் பிடித்திருந்து, நோட்டில் ஆறு மாதம்தான் ஏறியிருந்தால், ரிட்டர்ன் போடுவதற்கு முன்னால் அந்தக் கம்பெனிக் கணக்குப்பிரிவுக்கு ஒரு மெயில் தட்டுங்கள். நோட்டில் ஏறாத துட்டைப் பெங்களூரில் இருக்கும் கணினி நம்பாது.

கெடு ஜூலை 31 என்பது வழக்கம். 2025-இல் செப்டம்பர் 15 வரை நீட்டினார்கள். கெடுவுக்குள் போட்டால் ஏப்ரல் 1 முதல் மாதத்துக்கு அரை சதவீதம் வட்டி உண்டு. உங்கள் துட்டுக்கு மாதம் சுமாராக 90 ரூபாய். தாண்டிப் போட்டால் போட்ட நாளிலிருந்துதான் வட்டி. மூலத் துட்டு உங்கள் வருமானம் ஆகாது, ஆனால் இந்த வட்டி வருமானம். அடுத்த ரிட்டர்னில் காட்ட வேண்டும். இதை மறக்கிறவர்கள் அதிகம்.

இன்னொன்று. ரிட்டர்ன் போட்டதோடு வேலை முடியாது. 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி கொடுத்து ஈ-வெரிஃபை செய்ய வேண்டும். செய்யாவிட்டால் போடாத ரிட்டர்னுக்குச் சமம். மாவட்ட மைய நூலகத்தில் உட்கார்ந்து படிக்கிற பையன்களில் மூன்று பேராவது இந்த ஒரு காரியத்தை விட்டுவிட்டு, "மைனி, ரெண்டு மாசமா வரலை" என்று என் திண்ணைக்கு வந்திருக்கிறார்கள்.

கணக்கு முடிந்ததும் 143(1) என்று ஓர் அறிவிப்பு மெயிலில் வரும். கோப்பு திறக்கவில்லை என்று பயப்பட வேண்டாம். உங்கள் பான் எண்ணைச் சின்ன எழுத்தில் அடித்து, தொடர்ந்து பிறந்த தேதியைச் சேர்த்தால் திறக்கும். உள்ளே நீங்கள் சொன்ன கணக்கு ஒரு பக்கம், அவர்கள் போட்ட கணக்கு ஒரு பக்கம். வித்தியாசம் இருந்தால் அந்த வரியில் மட்டும் கண்ணை வையுங்கள்.

மைனி, நான் வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு விளம்பரப் படங்கள் வரைந்து கொடுக்கிறேன். மாதம் 28,000 என்று பேச்சு, கையில் வருவது 25,200. மீதியை பிஎஃப் என்று நினைத்திருந்தேன். இப்போது கேட்டால் 'டிடிஎஸ்' என்கிறார்கள். அது என்னம்மா?
(வாசகி, பத்தமடை)

அது துட்டு கொடுக்கும்போதே பிடிக்கிற வரிதான் தாயி. பாயில் ஒரு கோரை விட்டுப்போனாலே கண்டுபிடிக்கிற ஊரில் இருந்துகொண்டு, மாதம் 2,800 எங்கே போகிறது என்று ஒரு வருஷமாகக் கேட்காமல் இருந்திருக்கிறீர்களே!

நீங்கள் அந்தக் கம்பெனியின் ஊழியர் இல்லை. அவர்கள் கணக்கில் நீங்கள் தொழில் செய்கிறவர். அதனால் சம்பளத்துக்குப் போடுகிற வருஷக் கணக்கு உங்களுக்குக் கிடையாது. 194ஜே பிரிவில் கண்ணை மூடிக்கொண்டு 10 சதவீதம். வருஷத்துக்கு 33,600. உங்கள் மொத்த வருமானமே 3,36,000. ஊழியருக்கு உள்ள நிலைக்கழிவு உங்களுக்கு இல்லை. ஆனாலும் 87ஏ தள்ளுபடி உண்டு. ஆக வரி பூஜ்யம், 33,600-ம் திரும்பி வர வேண்டும். கெடுவுக்குள் போட்டால் மாதம் 168 ரூபாய் வட்டியும் சேரும்.

ஒரு எச்சரிக்கை. பக்கத்து வீட்டு அண்ணன் போடுகிற சகஜ் படிவம் உங்களுக்கு ஆகாது. அது சம்பளக்காரர் படிவம். உங்களுக்கு ஐடிஆர்-4 அல்லது ஐடிஆர்-3. எது என்பது உங்கள் வேலை எந்த வகையில் சேரும் என்பதைப் பொறுத்தது. முதல் வருஷம் மட்டும் விவரம் தெரிந்த ஒருவரிடம் நேரில் காகிதத்தைக் காட்டிப் போடுங்கள். அடுத்த வருஷம் நீங்களே போடலாம். பிடித்த வரிக்குச் சான்றான ஃபார்ம் 16ஏ-வைக் கம்பெனியிடம் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் பான் ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். 2023 ஜூலை முதல் இணைக்காத பான் செல்லாக்காசு. பிடிப்பது 10 சதவீதத்துக்குப் பதில் 20 ஆகும், ரீஃபண்டும் வெளியே வராது. இணைக்க 1,000 ரூபாய் கட்டணம். உங்களுக்கு 10 சதவீதம்தான் பிடித்திருக்கிறார்கள் என்பதால் இணைந்துதான் இருக்கும். இருந்தாலும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

மைனி, ரிட்டர்ன் போட்டு, வெரிஃபை செய்து, கணக்கும் சரி என்று வந்துவிட்டது. ரீஃபண்ட் மட்டும் 'ஃபெயில்டு' என்று நிற்கிறது. பேங்குக்குப் போனால் எங்கள் பக்கம் கோளாறு இல்லை என்கிறார்கள். யாரைக் கேட்பது?
(வாசகி, அம்பாசமுத்திரம்)

உங்கள் அப்பாவைக் கேளுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நம் பக்கத்து ரீஃபண்ட் பத்தில் ஏழு, அப்பா பேரில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறது.

நமக்குக் குடும்பப் பேர் கிடையாது. இசக்கி, சுடலை, மாடத்தி, பேச்சி என்று ஒரு பேர், முன்னால் ஓர் இனிஷியல். அதோடு சரி. ஆனால் பான் விண்ணப்பத்தில் 'கடைசிப் பேர்' என்ற கட்டத்தை நிரப்பாமல் விட முடியாது, இனிஷியலும் போடக்கூடாது. அதனால் எழுதிக் கொடுத்தவர் அப்பா பேரை விரித்து அந்தக் கட்டத்தில் போட்டுவிடுவார். விளைவு, பாஸ்புக்கில் எஸ். பேச்சியம்மாள். ஆதாரில் வெறும் பேச்சியம்மாள். பான் பதிவில் பேச்சியம்மாள் சுடலைமுத்து. ஊர்க்காரருக்கு மூன்றும் ஒரே பிள்ளை. கணினிக்கு மூன்று பொம்பளைகள். கார்டில் அச்சாகியிருக்கும் பேரைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். கார்டில் அச்சிட ஒரு பேர், பதிவில் ஒரு பேர் என்று இருக்க விண்ணப்பமே இடம் தருகிறது. போர்ட்டலில் உங்கள் விவரப் பக்கத்தில் முதல் பேர், நடுப் பேர், கடைசிப் பேர் என்று பிரித்துக் காட்டியிருப்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ரீஃபண்ட் போவது, போர்ட்டலில் முன்கூட்டியே சரிபார்த்து, ரீஃபண்டுக்கு என்று குறித்து வைத்த வங்கிக் கணக்குக்கு மட்டும். அந்தக் கணக்கு உங்கள் பானோடு இணைந்திருக்க வேண்டும், பேரும் ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் திரும்பிவிடும்.

இதில் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஊருக்கெல்லாம் ரீஃபண்ட் கடிதம் தட்டச்சு செய்து கொடுத்தவளுக்கு, தன் துட்டு எட்டு மாதம் வரவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு அப்பாவின் இனிஷியல். பான் அதன்படி. கல்யாணத்துக்குப் பிறகு பேங்கில் வீட்டுக்காரர் இனிஷியலைப் போட்டுக்கொண்டேன், அந்தக் கால வழக்கப்படி. 2,340 ரூபாய் ரீஃபண்ட். திரும்பிப் போனது. கவுண்டரில் இருந்தவர் இரண்டு காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இந்த ரெண்டு பேரும் ஒரே ஆளுதான்னு நான் எப்படி நம்புறது?" என்றார். அதற்கு முந்தின நவராத்திரிக்குக் குடும்பத்தோடு என் வீட்டுக் கொலுவுக்கு வந்து சுண்டல் வாங்கிப் போனவர் அவர். பொறுமையாகத்தான் இருந்தேன். படியிறங்கின பிறகு சொன்னதை இங்கே எழுத முடியாது.

நான் எட்டு மாதம் அலைந்து கற்றுக்கொண்ட வழி இது. பானைத் திருத்தப் போகாதீர்கள். அதைத் தொட்டால் ஆதார், வேலை, பிஎஃப் என்று வரிசையாக எல்லாம் ஆடும். பேங்கை மாற்றுவது சுலபம். பான் நகல், ஆதார் நகல் இரண்டையும் வைத்து, கேஒய்சி புதுப்பிப்பு என்று எழுதிக் கொடுத்து, பான் பதிவில் இருக்கிறபடியே பேரை மாற்றச் சொல்லுங்கள். பான் எண் அந்தக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்றும் அங்கேயே கேட்டுவிடுங்கள். மாறியது தெரிந்த பிறகு போர்ட்டலில் அந்தக் கணக்கை மறுபடி சரிபார்க்கக் கொடுங்கள். 'வேலிடேட்டட்' என்று வந்ததும், சேவைகள் பகுதியில் 'ரீஃபண்ட் ரீ-இஷ்யூ' என்று இருக்கும். அதில் விண்ணப்பம் போட்டு ஓடிபி கொடுங்கள். தானாக மறுபடி அனுப்புவார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

பள்ளிக்கூடத்துக் காலத்தில் திறந்த ஸ்காலர்ஷிப் கணக்கைக் கொடுத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். வருஷக்கணக்காக வரவு செலவு இல்லாமல் கிடந்து முடங்கியிருக்கும். சம்பளம் வருகிற கணக்கைக் கொடுப்பதே உத்தமம்.

மைனி, எனக்கு 29 வயசு. தனியாள். "கல்யாணம் முடிச்சா வரி குறையும்லே, அதுக்காவது சம்மதி" என்கிறாள் அம்மா. உண்மையா?
(வாசகர், கல்லிடைக்குறிச்சி)

அம்மா சொல்வதில் எழுபது வருஷத்துக்கு முந்தைய உண்மை இருக்கிறது. 1955-56 பட்ஜெட்டில் நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக், கல்யாணம் ஆனவருக்கு 2,000 ரூபாய் வரை வரி இல்லை, ஆகாதவருக்கு 1,000 வரைதான் என்று வைத்தார். இன்று அந்தப் பேதம் கிடையாது. சட்டத்துக்கு ஒவ்வொருத்தரும் தனி ஆள். பொண்டாட்டி பிள்ளை இருக்கிறவருக்கும் உங்களுக்கும் அதே கட்டம், அதே தள்ளுபடி.

ஒன்றே ஒன்று உண்டு. கல்யாணத்துக்கு வருகிற மொய்க்கும் பரிசுக்கும் வாங்குகிறவர் வரி கட்ட வேண்டாம். அதே துட்டை சிநேகிதர்கள் உங்கள் பிறந்தநாளுக்குத் தந்தால், வருஷத்தில் 50,000-ஐத் தாண்டும்போது முழுசும் வருமானமாகிவிடும். இதை அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் சாமர்த்தியம்.

மைனி, போன வருஷம் ஒருவர் 42,000 ரூபாய் ரீஃபண்ட் வாங்கிக் கொடுத்தார். பத்து சதவீதம் கமிஷன். ஏதோ கட்சிக்கு நன்கொடை கொடுத்ததாக ரசீது வைத்தார். நான் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை. இந்த வருஷமும் கூப்பிடுகிறார். போகலாமா?
(வாசகர், பாளையங்கோட்டை)

போகாதீர்கள். போன வருஷத்ததையும் சரிசெய்யுங்கள்.

அவர் செய்தது இதுதான். உங்களைப் பழைய வரிமுறைக்கு மாற்றியிருப்பார். கட்சி நன்கொடைக் கழிவு அங்கேதான் உண்டு. பிறகு ரசீது ஒன்றை ஒட்டியிருப்பார். கமிஷனை வாங்கிக்கொண்டு அவர் போய்விடுவார், ரிட்டர்னில் இருப்பது உங்கள் பேர், ஓடிபி கொடுத்தது உங்கள் போன். பொய்யான கழிவுக்கு, தப்பிய வரியின் இரண்டு மடங்கு வரை அபராதம். 42,000-க்கு 84,000. வாங்கியதைத் திருப்பிக் கட்டுவதும் வட்டியும் தனி. 2025 ஜூலை 14 அன்று, இப்படி ஏஜெண்டுகள் போட்ட பொய்க் கழிவுகளைத் தேடி நாடு முழுக்கப் பல இடங்களில் வருமான வரித்துறை இறங்கியது. பட்டியலில் தமிழ்நாடும் இருந்தது.

நோட்டீஸ் வருவதற்கு முன்னால் நீங்களே 'அப்டேட்டட் ரிட்டர்ன்' போட்டு, அந்தக் கழிவை எடுத்துவிட்டு, துட்டை வட்டியோடு கட்டலாம். 2026 மார்ச் 31-க்குள் போட்டால் மேலதிகமாக 25 சதவீதம். அதற்குப் பிறகு 50. வலிக்கும், ஆனால் 84,000 அளவுக்கு வலிக்காது. அந்த ஏஜெண்டிடமே இதற்கும் போகாதீர்கள். போர்ட்டல் பாஸ்வேர்டை மாற்றுங்கள், அதில் அவருடைய போன் எண்ணும் மெயிலும் இருந்தால் உங்களுடையதைப் போடுங்கள். ரிட்டர்ன் போட்டுத் தருவதற்குக் கூலி வாங்கலாம், நானும் வாங்குகிறேன். ரீஃபண்டில் பங்கு கேட்கிறவர் உங்களுக்கு வேலை செய்யவில்லை.

என் மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். அவள் ரீஃபண்ட் தயார், கீழே உள்ள லிங்க்கை அமுக்கிக் கணக்கு எண்ணைச் சரிபாருங்கள் என்று என் போனுக்குச் செய்தி வந்திருக்கிறது. அமுக்கட்டுமா?
(வாசகி, சேரன்மகாதேவி)

அமுக்காதீங்க மதினி. அழிச்சிருங்க. மகள் ரீஃபண்டுக்கு உங்கள் போனில் என்ன வேலை? வரித்துறை செய்தி அனுப்பி ஏடிஎம் எண்ணோ பின் நம்பரோ கேட்காது.

ஆச்சி, முக்கூடலில் இருந்து எழுதுகிறேன். திருப்பூரில் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். அம்மாவுக்கு முடியாமல் போனதால் விட்டுவிட்டு வந்து, 2024 பிப்ரவரியில் பிஎஃப் துட்டை எடுத்தேன். 86,000-இல் 8,600 பிடித்துக்கொண்டுதான் தந்தார்கள். அது திரும்பி வரும் என்று இப்போதுதான் பக்கத்து வீட்டுப் பெண் சொல்கிறாள். வருமா ஆச்சி?
(வாசகி, முக்கூடல்)

தண்டனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். உங்கள் கடிதத்தை முதலில் வைத்திருக்க வேண்டும்.

ஐந்து வருஷம் முடியாமல் பிஎஃப் எடுத்து, துட்டு 50,000-க்கு மேல் போனால் 10 சதவீதம் பிடிப்பார்கள். வருமானம் குறைவு, வரி வராது என்று 15ஜி படிவம் கொடுத்திருந்தால் பிடித்திருக்க மாட்டார்கள். அந்தச் சமயத்தில் யாரும் சொல்லவில்லை, சரி. ஆனால் அது 2023-24 வருஷக் கணக்கு. அதற்குத் தாமதமாக ரிட்டர்ன் போடுகிற கெடுவும் முடிந்துவிட்டது. மேலே பாளையங்கோட்டைக்காரருக்குச் சொன்ன அப்டேட்டட் ரிட்டர்ன் வழி உங்களுக்கு ஆகாது. அது துட்டு கட்டுவதற்குத்தான், ரீஃபண்ட் கேட்க அதில் இடமில்லை.

மிச்சம் ஒரு வாசல் இருக்கிறது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி வருமான வரி ஆணையருக்கு விண்ணப்பம். 119(2)(பி) என்ற பிரிவு. மதிப்பீட்டு ஆண்டு, அதாவது வருமானம் வந்த வருஷத்துக்கு அடுத்த வருஷம், முடிந்து ஐந்து வருஷம் வரை கேட்கலாம். உங்களுக்கு 2030 மார்ச் 31 வரை. போர்ட்டலிலேயே சேவைகள் பகுதியில் இதற்கு இடம் இருக்கிறது. அவர்கள் சரி என்று உத்தரவு போட்ட பிறகு ரிட்டர்ன் போட்டால் 8,600 வரும். வட்டி கிடையாது. உடனே நடக்கும் என்றும் நினைக்காதீர்கள். மாதங்கள் ஆகலாம்.

விண்ணப்பத்தில் 'சட்டம் தெரியவில்லை' என்று எழுதாதீர்கள். அதை யாரும் காரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அம்மாவுக்கு என்றைக்கு முடியாமல் போனது, எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள், வீட்டில் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை, வேலையை விட்ட தேதி இது என்று நடந்ததை நடந்தபடி, தேதியோடு எழுதுங்கள். பிஎஃப் எடுத்த காகிதம், 26ஏஎஸ்-இல் 8,600 ஏறியிருக்கிற பக்கம், ஆஸ்பத்திரிச் சீட்டுகள் மூன்றையும் சேருங்கள். ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் பார்த்திருந்தால் டிஸ்சார்ஜ் சீட்டு கொடுத்திருப்பார்கள். கரையான் அரிக்கிற பெட்டியில் கிடந்தாலும் தேடி எடுங்கள். எடுத்ததும் ஒரு வியாழக்கிழமை காலையில் பாளையங்கோட்டைக்கு வாருங்கள். விண்ணப்பத்தை நானே தட்டச்சு செய்து தருகிறேன், கூலி வேண்டாம்.

'ஆச்சி' என்றே கூப்பிடலாம்.